தொடாமல் எடுத்த அளவு

ஒருவர் கடைக்குள் வந்து, "பாரம் குறைந்த ஸ்ரொக் இருக்கிறதா?" என்று கேட்டால் உடனே அலுமாரியைத் திறந்துவிடாதீர்கள். என் இடத்துக்கு வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு முதலில் இதைத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் திறக்காமல் வேறு என்ன செய்வது என்று நீங்கள் திருப்பிக் கேட்டால், இருபத்தாறு வருடம் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்த எனக்கே இன்னும் தெளிவில்லை. எல்லாம் தெரிந்தவன்போல வகுப்பெடுக்க வெட்கமாக இருக்கிறது. ஆகவே நான் பிழைவிட்ட கதை ஒன்றைச் சொல்கிறேன். அதிலிருந்து ஏதாவது எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைத் துவக்கு, அதாவது துப்பாக்கி, விற்கும் கடையில் தமிழன் ஒருவன் வேலை செய்கிறான் என்று சொன்னால் நம்மவர்களின் முகம் போகிற போக்கை நீங்களும் இப்போது பார்த்திருப்பீர்கள். ஸ்காபுறோவில் ஒரு கலியாண வீட்டில், சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒருவர் என்னைக் கேட்டார். "துவக்குக்குப் பயந்துதானே ஐசே இஞ்ச ஓடி வந்தனீர்? பிறகு அதையே விக்கிறீர். உமக்கென்ன விசரா?" மரவேலை தெரிந்தவன் தேவை என்று கடைக்கு வெளியே ஒட்டியிருந்தார்கள், நான் உள்ளே போனேன். அவ்வளவுதான் கதை. துவக்கின் குழலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதைத் தாங்குகிற மரத்தைப் பற்றித் தெரியும் என்று முதலாளியிடம் சொன்னேன். அது போதும் என்றார்.

அந்த மரம்தான் ஸ்ரொக். இப்போது பிளாஸ்ரிக்கிலும் காபன் நாரிலும் வருகிறது. குழலும் இயந்திரமும் அதற்குள் உட்கார்ந்திருக்கும், பின்முனை சுடுபவரின் தோளில் முட்டி நிற்கும். அந்தப் பின்முனைக்கு ஊரில் பிடங்கு என்று பெயர். அந்தச் சொல்லை நம்மவர்கள் பலர் அடி வாங்கித்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அதனாலோ என்னவோ, கடையில் நான் ஒருநாளும் அந்தச் சொல்லை வாயில் எடுத்ததில்லை.

வேலையில் சேர்ந்த நாள் தொட்டு என்னைக் குழப்பிய விஷயம் இந்தப் பாரம்தான். துவக்கின் பாரம் குறைந்தால் உதை கூடும். ஒன்பது இறாத்தல் துவக்கு தோளைத் தள்ளும், ஆறரை இறாத்தல் துவக்கு தோளில் குத்தும். நாள் முழுக்கக் காட்டில் நடப்பவருக்குப் பாரம் குறைவாக இருப்பது நல்லது, ஓரிடத்தில் குந்தியிருப்பவருக்குப் பாரமே நல்லது. இதெல்லாம் கடைப் புத்தகத்தில் இருக்கிறது, நீங்களும் வாசித்திருப்பீர்கள். ஆனால் வருகிறவர் "பாரமாக இருக்கிறது" என்று சொல்லும்போது அவர் எதைச் சொல்கிறார் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறம்ரனிலிருந்து லொறி ஓட்டுநர் ஒருவர் பாரம் தாங்க முடியவில்லை என்று வந்தார். பார்த்தால் ஸ்ரொக் பாவம் சும்மா இருக்கிறது, மேலே பூட்டியிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப் தண்ணீர்ப் போத்தல் அளவில் இருந்தது.

முதலாளி வடக்கே, சட்பரிக்கும் அப்பால் காட்டோரம் வளர்ந்தவர். பேச்சுக் குறைவு. அவருக்கு ஒரே ஒரு முறைதான் உண்டு. வெறுந்துவக்கைக் கையில் கொடுத்து, கண்ணை மூடித் தோளுக்குத் தூக்கச் சொல்வார். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வார். ஸ்கோப்புக்கு நேரே கண் நின்றால் அளவு சரி. நிற்காவிட்டால், அனுமதி கேட்டுக்கொண்டு, சுடுபவரின் தோளெலும்பில் இரண்டு விரலை வைத்து, அதற்கும் நெஞ்சுக்கும் இடையிலுள்ள குழியைத் தேடிப் பிடங்கை அதில் உட்கார வைப்பார். விரலால் தேடாமல் அந்தக் குழி அகப்படாது. நானும் அப்படியே பழகினேன். ஆண்கள், பெண்கள், நெட்டை, குட்டை என்று எத்தனை நூறு தோள்களில் விரல் வைத்தேன் என்று கணக்கில்லை. ஒருநாளும் கை கூசியதில்லை.

பிறகு ஓர் ஓகஸ்ட் மாதம் றெஜினா வந்தார்.

ஐம்பதைத் தாண்டியிருக்கும். மோர்னிங்சைட்டில் வீடு, ஊர் மன்னார். வயோதிபர் இல்லம் ஒன்றில் பராமரிப்பு வேலை. அந்தச் சீருடையோடு வேலை முடிந்த கையோடு வந்திருந்தார், கையில் துவக்குப் பெட்டி. கணவர் மான் வேட்டைக்குப் போகிறவர், இறந்து இரண்டு வருடமாகிறது. றெஜினாவும் தன் பெயரில் லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார். இல்லத்தில் கூட வேலை செய்யும் பெண்கள் மூன்று பேர் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மானுக்குப் போவார்களாம். இந்த வருடம் இவரையும் சேர்த்திருக்கிறார்கள். கணவரின் துவக்குத்தான் கையில் இருக்கிறது, அது தூக்க முடியாத பாரம்.

பெட்டியைத் திறந்தேன். நல்ல வாதுமை மரம், கை பட்டுப்பட்டுக் கறுத்திருந்தது. எனக்குள் இருந்த தச்சன் உருகிவிட்டான். கணவரின் ஞாபகம் அல்லவா, இதை மாற்றச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நானாகவே ஒரு கதையைக் கட்டிக்கொண்டேன். "தங்கச்சி, இதை எறிய வேண்டாம். நான் உள்ளால கொஞ்சம் குடைஞ்சு பாரத்தைக் குறைச்சுத் தாறன்" என்றேன்.

"எதுக்கு அண்ணை? அது அவர்ர கைக்குச் செய்தது. எனக்கு என்ர கைக்கு வேணும்" என்றார்.

அங்கேயே ஒருமுறை அடி வாங்கினேன். வாங்கியும் புத்தி வரவில்லை.

அலுமாரியிலிருந்து மூன்று ஸ்ரொக்குகளை எடுத்து வைத்தேன். ஒன்று பிளாஸ்ரிக், ஒன்று பலகைகளை அடுக்கி ஒட்டியது, ஒன்று காபன். காபன்தான் எல்லாவற்றிலும் பாரம் குறைந்தது. கூட வேலை செய்பவர் பிளாஸ்ரிக் வாங்கச் சொன்னாராம், இணையத்தில் காபன் என்று போட்டிருக்கிறதாம், மைத்துனர் துவக்கையே விற்றுவிடச் சொன்னாராம். "ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்லீனம். தலை சுத்துது. நீங்கள் சொல்லுங்கோ அண்ணை" என்றார். அதற்கிடையில் நாங்கள் இருவரும் நம்மவர் வழக்கப்படி ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அவருடைய பெரியம்மா குடும்பம் என் மனைவியின் சொந்தக்காரர் ஒருவரோடு சம்பந்தம் செய்திருக்கிறது என்றும் கண்டுபிடித்துவிட்டோம். ஐந்து நிமிடத்தில் நான் கடைக்காரன் இல்லை, அண்ணை.

அந்த அண்ணையால்தான் எல்லாம் கெட்டது. துவக்கு வெறுமையா என்று நான் ஒருமுறை பார்த்தேன், அவரும் ஒருமுறை பார்த்தார். காபன் ஸ்ரொக்கில் வைத்துக் கொடுத்து, கண்ணை மூடித் தூக்கச் சொன்னேன். தூக்கினார். பிடங்கு நீளம், அதன் கீழ்முனை அவர் நெஞ்சில் குத்தியது. முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அவர் பிடங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்த்தி, தோளை விட்டுக் கைப்புஜத்தில் வைத்துக்கொண்டார். அது இருக்கக்கூடாத இடம். எனக்குத் தெரியும். வேறு யாராவது என்றால் அந்த நிமிடமே போய் விரல் வைத்துத் திருத்தியிருப்பேன். நம் ஊர்ப் பெண், என்னை அண்ணை என்கிறார், அவர் நெஞ்சுக்குப் பக்கத்தில் நான் எப்படிக் கை வைப்பேன்? வைக்கட்டுமா என்று கேட்கவும் நா எழவில்லை. இரண்டு முழம் தள்ளி நின்று, அளவு நாடாவைக் காற்றில் பிடித்துப் பார்த்தேன்.

"சுகமா இருக்கோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. பரவாயில்லை."

பரவாயில்லை என்றால் பரவாயில்லை இல்லை என்பது நம்மில் யாருக்குத் தெரியாது? வயிறு நிறைந்த பிறகும் இன்னொரு கரண்டி போடும்போது நாம் சொல்வதும் அதுதான். தெரிந்தும் அதை விடையாக எடுத்துக்கொண்டேன். காபன் ஸ்ரொக்கையே பூட்டிக் கொடுத்தேன். அளந்தாயா என்று முதலாளி உள்ளிருந்து கேட்டார். அளந்தேன் என்றேன்.

மூன்று கிழமை கழித்து றெஜினா திரும்பி வந்தார். வலது புருவத்துக்கு மேலே பிளாஸ்ரர். சட்டைக் கையை மடித்துக் காட்டினார், புஜம் முழுக்க ஊதாவும் மஞ்சளுமாக இருந்தது. பாரம் குறைந்த துவக்கு புஜத்தில் குத்தி, நீளத்துக்காகக் கழுத்தை முன்னே நீட்டியிருந்த முகத்தில் ஸ்கோப் வந்து இடித்திருக்கிறது. அந்தக் கையால் ஆட்களைத் தூக்க முடியாமல் நாலு நாள் வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

"நோவு போயிடும் அண்ணை, அது பிரச்சினையில்லை. இப்ப விசையில விரல் வைச்ச உடன கண் தானா மூடுது. கண்ணை மூடிச் சுட்டு, மான் காலுடைஞ்சு காட்டுக்குள்ள ஓடினா நான் என்ன செய்வன்?" என்றார். மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகுதான் உண்மையான விஷயம் வந்தது. "என்னோட வேலை செய்யிற அவையள் மூண்டு பேரும் சொல்லீனம், துவக்கை வீட்டில வைச்சிட்டு வா, கபினில நீ சமையலைப் பார் எண்டு. நல்ல மனசோடதான் சொல்லீனம். இருவது வருசம் அவர் காட்டுக்குப் போக நான் சட்டியோட போனனான். இந்தமுறையும் சட்டியெண்டா நான் போகேல்லை."

நான் உளறத் தொடங்கினேன். தடித்த றப்பர் ஒட்டலாம் என்றேன். உதை குறைந்த தோட்டா இருக்கிறது என்றேன். ஸ்ரொக்குக்குள் ஈயம் வைத்துப் பாரத்தைக் கூட்டலாம் என்றும் சொன்னேன். பாரம் குறைக்க வந்தவருக்குப் பாரம் கூட்ட வழி சொல்கிறேன், பாருங்கள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், "எது அண்ணை பிழை? துவக்கோ நானோ?" என்று கேட்டார்.

உள்ளே போய் முதலாளியிடம், இந்த அம்மாவை நீங்களே அளந்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். உனக்கு என்ன வந்தது என்று கேட்டார். அண்ணை என்ற சொல்லை அவருக்கு ஆங்கிலத்தில் எப்படி விளங்கப்படுத்துவது? சகோதரன் என்றால், அப்படியானால் இன்னும் நல்லதுதானே என்பார். அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவர் அரத்தை எடுத்துத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திரும்பி வந்தேன். காது சுட்டது. "தங்கச்சி, பிழை நான். அண்டைக்கு நான் அளக்கேல்லை, அளந்தமாதிரி நிண்டனான். தோளெலும்பிலயும் இந்தக் குழியிலயும் விரல் வைச்சுத்தான் பாக்க வேணும். உங்களுக்கு விருப்பமில்லையெண்டா வேற ஆரையும் ஒழுங்கு செய்யிறன். நான் வைக்கட்டோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அண்ணை, நான் ஒரு நாளைக்கு எட்டுப் பேரைக் குளிப்பாட்டி உடுப்பு மாத்திறனான். எல்லாம் ஆரோ பெத்த ஆம்பிளையள், பொம்பிளையள். தொடாமல் செய்யிற வேலையோ அது? இந்தத் தோளுக்கே இவ்வளவு யோசிச்சனீங்கள்?"

முதலாளியின் தடித்த வேட்டைச் சட்டையை அவருடைய உடுப்புக்கு மேலால் போடச் சொன்னேன். நவம்பர்க் குளிரில் அவர் போடப்போவது அந்த மாதிரிச் சட்டைதானே, ஓகஸ்டில் மெல்லிய சீருடைக்கு அளவு பார்த்தது இன்னொரு மடைத்தனம். குழியைத் தேடினேன். அகப்பட்டது. காபன் ஸ்ரொக் அவருக்கு ஓர் அங்குலத்துக்கும் மேலே நீளம். கீழ்முனையைச் சாய்த்து வெளிப்பக்கம் திருப்பவும் வேண்டும். காபனை அப்படியெல்லாம் வெட்டிச் சீவ முடியாது, மரத்தை முடியும். அடுக்குப்பலகை ஸ்ரொக்கை எடுத்து, அங்குலக் கணக்கில் குறைத்து, கீழ்முனையைச் சீவி, முடிவில் நல்ல றப்பர் வைத்தேன். இரண்டு நாள் வேலை. காபன் ஸ்ரொக்கைக் கடை திருப்பி எடுத்துக்கொண்டது.

கொடுக்கும்போது எனக்குப் பயம். தராசில் வைத்துப் பார்த்திருந்தேன். கணவரின் மரத்தை விட ஒரு சொட்டுத்தான் குறைவு, காபனை விட ஏறக்குறைய ஓர் இறாத்தல் கூட. பாரம் குறைக்க வந்தவருக்கு இதை எந்த முகத்தோடு நீட்டுவது? அவர் வாங்கிக் கண்ணை மூடித் தூக்கினார். கண்ணைத் திறந்தார். கண் ஸ்கோப்புக்கு நேரே நின்றது.

"இதெல்லோ அண்ணை பாரம் குறைஞ்சது. இதை ஏன் முதலே தரேல்லை?"

இது மற்றதை விடப் பாரம் என்றேன். பகிடி விடாதேங்கோ என்றார். இரண்டையும் தராசில் வைத்துக் காட்டிய பிறகும் தராசைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். அளவுக்கு மிஞ்சி நீண்ட துவக்கு உடம்பை விட்டு எட்டத்தில் தொங்கும், அதனால் கைக்குப் பாரமாகத் தெரியும் என்று விளக்கினேன். விளக்கினேனே தவிர, அது முழுக் காரணமா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

கண் மூடுகிற பழக்கம் ஸ்ரொக் மாற்றியவுடன் போய்விடாது. ஒஷாவாவுக்கு வடக்கே உள்ள சூட்டு மைதானத்துக்கு நாலு சனிக்கிழமை போனோம். அவருக்குத் தெரியாமல் சிலவேளை உண்மைத் தோட்டா, சிலவேளை வெறுந்தோட்டா போட்டுக் கொடுப்பேன். வெறுந்தோட்டாவுக்கும் குழல் முனை துள்ளினால் பயம் இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். முதல் சனி ஒவ்வொரு முறையும் துள்ளியது. கடைசிச் சனி, பத்துக்கு ஒருமுறை துள்ளியது.

துவக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, "நான் போகலாமோ அண்ணை? நீங்கள் சொன்னாப் போவன், இல்லையெண்டா இல்லை" என்றார்.

இதற்கு என்ன பதில்? பத்தில் ஒன்பது நல்லதா கெட்டதா? அந்த ஒன்று காட்டில் முதலாவதாக வந்தால்? போக வேண்டாம் என்றால் அவர் சட்டியோடுகூடப் போகமாட்டார், வீட்டில் இருப்பார். போ என்று சொல்லி ஒரு பிராணி நொண்டிக்கொண்டு ஓடினால் அதை நினைத்து அவர் துவக்கை மறுபடி தொடமாட்டார், நானும் யாருக்கும் ஸ்ரொக் பூட்டமாட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மைதானத்துப் புல்லைப் பார்த்தேன். முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன், அவர் ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டார்.

"போங்கோ. எண்பது அடிக்குக் கிட்ட வந்தா மட்டும் சுடுங்கோ. கண் மூடும்போலத் தெரிஞ்சா, விரலை எடுத்திடுங்கோ. மான் போனாப் போகட்டும்" என்றேன். சொல்லி முடித்த கணமே வேண்டாம் என்றிருக்கலாமோ என்று பட்டது. அவர் போய் வரும்வரை அந்த எண்ணம் என்னை விடவேயில்லை. ஒருவர் சொல்லிவைத்த தோட்டாப் பெட்டியை இன்னொருவருக்குக் கொடுத்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நவம்பர் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை கதவு மணி அடித்தது. றெஜினா. கையில் குளிர்ப்பெட்டி. நான் முதலில் பார்த்தது அவர் புருவத்தைத்தான். புதிதாக ஒன்றும் இல்லை.

"ஒரு சூடு. அறுவது அடி. விழுந்த இடத்திலயே கிடந்தது" என்றார்.

"கண்?"

"திறந்துதான் இருந்தது. அதுக்கு முதல் நாள் ஒண்டு வந்தது, பெரிசு. கண் மூடப் பாத்தது, விரலை எடுத்திட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து இறைச்சிப் பொட்டலம் ஒன்றை எனக்கும், ஒன்றை முதலாளிக்கும் வைத்தார். நான் மனதில் இருந்ததைக் கொட்டினேன். "முதல் நாளே நான் ஒழுங்கா விரல் வைச்சு அளந்திருந்தா உங்களுக்கு இந்தக் காயமும் இல்லை, நாலு நாள் வேலையும் போயிராது. என்னை மன்னிக்க வேணும் தங்கச்சி."

அவர் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார். "முதல் நாள் நீங்கள் கை வைச்சிருந்தியளெண்டா நான் அந்தக் கதவால வெளியில போயிருப்பன். திரும்பி வந்திருக்கவே மாட்டன்."

எட்டுப் பேரைக் குளிப்பாட்டுகிறேன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர் இவர்தானா? தொட்டாலும் பிழை, தொடாவிட்டாலும் பிழை என்றால் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் என்னதான் செய்வது?

"அப்ப நான் என்ன செய்திருக்க வேணும்?" என்று கேட்டேன்.

"கேட்டிருக்கலாம்தானே அண்ணை" என்றார் றெஜினா.